பெயர் தெரியாத ஐஎஸ்ஏ கார்டு: அடையாளம் காண்பது முதல் ஓடவைப்பது வரை

காயலான் கடைக் குவியலிலோ பழைய கேபினெட்டுக்குள்ளோ, ஐஎஸ்ஏ என்ற பழைய பிசி ஸ்லாட்டில் செருகும் கார்டு ஒன்று அகப்படுகிறது. தயாரித்தவர் பெயர் இல்லை, கையேடு இல்லை, அமைப்பை மாற்றும் சிறு பின்களான ஜம்பர்களுக்குப் பக்கத்தில் ஜே1, ஜே2 என்பதைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. உடனே ஸ்லாட்டில் செருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். பெயரைத் தேடி இணையத்தில் இரண்டு நாள் அலைவதைவிட, கார்டின் அடியில் இருக்கும் தங்க விரல்களை மல்டிமீட்டரால் படிப்பது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்த முகவரியில் பதில் சொல்கிறது, எந்த வரிகளைத் தொடுகிறது என்று தெரிந்துவிட்டால் போதும். பெயரே தெரியாமலும் கார்டைச் சரிசெய்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது 1981 ஐபிஎம் பிசி, 1983 எக்ஸ்டி, அவற்றின் நகல்கள் ஆகியவற்றில் வந்த 8-பிட் ஐஎஸ்ஏ கார்டு. 1984-இல் ஐபிஎம் ஏடியோடு வந்த 16-பிட் கார்டுக்கும் இதே முறைதான். கூடுதலாக 36 விரல்கள் கொண்ட இன்னொரு துண்டு இருக்கும், அவ்வளவே.

பீப் சத்தம் தரும் மல்டிமீட்டர், லென்ஸ், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை, ஈப்ராம் (நிரலைப் பதித்து வைக்கும் மெமரி ஐசி) ரீடர், லாஜிக் புரோப் அல்லது ஆசிலோஸ்கோப், போனால் போகிறது என்று விடக்கூடிய ஒரு பழைய மதர்போர்டு. இவை இருந்தால் போதும்.

இது ஐஎஸ்ஏதானா?

8-பிட் ஐஎஸ்ஏயில் ஒரு பக்கத்துக்கு 31 வீதம் 62 விரல்கள், 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில். ஐசிகள் இருக்கும் பக்கம் ஏ, சால்டர் பக்கம் பி. பின்பக்கத் தகடு இருக்கும் முனையிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அங்கே இருப்பவைதான் ஏ1, பி1. ஆப்பிள் 2 கார்டில் 50 விரல்கள், எஸ்-100 கார்டில் 100. ஆனால் எண்ணிக்கை பொருந்துவதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. பி1, பி10, பி31 மூன்றும் தமக்குள் பீப் அடிக்க வேண்டும், அதுதான் கிரவுண்டு. பி3, பி29 இரண்டும் தமக்குள் பீப் அடிக்க வேண்டும், அது 5 வோல்ட். பிறகு ஏதாவது ஒரு 74 வரிசை ஐசியைப் பிடியுங்கள். 14 கால் ஐசியில் 7 கிரவுண்டு, 14 பவர். 16 காலில் 8, 16. 20 காலில் 10, 20. இவை மேலே சொன்ன விரல்களோடு ஒத்துப்போனால் கார்டு ஐஎஸ்ஏ என்று வைத்துக்கொள்ளலாம். சில கார்டுகளில் பயன்படாத விரலையே போட்டிருக்க மாட்டார்கள் என்பதால், ஒன்றிரண்டு பீப் அடிக்காவிட்டால் பதறாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 4164, 41256 போன்ற மெமரி ஐசிகளில் இந்தக் கணக்கு தலைகீழ்: 8-ஆம் கால் 5 வோல்ட், 16-ஆம் கால் கிரவுண்டு. மெமரி கார்டை இப்படிச் சோதித்து, "பவரும் கிரவுண்டும் மாறியிருக்கிறதே" என்று குழம்புவது வழக்கம்.

கண்ணால் படிப்பது

ஐசிகளின் மேல் உள்ள நான்கு இலக்க எண் பெரும்பாலும் தேதி: 8732 என்றால் 1987-இன் 32-ஆவது வாரம். கார்டில் உள்ளவற்றுள் மிகப் பிந்திய தேதியைப் பாருங்கள்; கார்டு அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. ஐசியின் பெயரும் தேதி போலவே தோன்றலாம். 8250 என்பது 1982-இன் 50-ஆவது வாரமாகவும் இருக்கலாம், சீரியல் போர்ட் ஐசியாகவும் இருக்கலாம். 40 கால் இருந்தால் ஐசியின் பெயர்.

போர்டில் 94வி-0 என்று அச்சிட்டிருந்தால் அது எளிதில் தீப்பிடிக்காத தன்மைக்கான தரக் குறியீடு, மாடல் எண் அல்ல. அதனருகே ஈ எழுத்தில் தொடங்கும் எண் பெரும்பாலும் வெற்றுப் போர்டைச் செய்தவருடையது. இவ்விரண்டையும் தேடுபொறியில் போட்டு வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) எண் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு: முதல் மூன்று எழுத்துகள் விண்ணப்பித்த நிறுவனத்தின் குறி.

கிரிஸ்டல் நன்றாகத் துப்பு கொடுக்கும். 1.8432 மெகாஹெர்ட்ஸ் சீரியல் போர்ட். 16.257 என்றால் மோனோ அல்லது ஹெர்குலிஸ் வகை டிஸ்ப்ளே, ஈஜிஏவிலும் வரும். 25.175, 28.322 இரண்டும் சேர்ந்திருந்தால் விஜிஏ. 32.768 கிலோஹெர்ட்ஸ் என்றால் கடிகாரம். பக்கத்தில் பேட்டரி இருக்கும், அது கசிந்தும் இருக்கும்.

பெரிய ஐசியைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். என்இசி 765 அல்லது இன்டெல் 8272 என்றால் ஃப்ளாப்பி, 6845 டிஸ்ப்ளே, என்சிஆர் 5380 ஸ்கஸி (டிஸ்க் போன்றவற்றை இணைப்பது), யமஹா ஒய்எம்3812 ஒலி, என்இசி 7210 அல்லது டிஎம்எஸ்9914 ஆய்வகக் கருவிகளை இணைக்கும் ஜிபிஐபி, 8255 பொதுவான இன்புட்-அவுட்புட்.

கனெக்டரை மட்டும் அவ்வளவு நம்பாதீர்கள். 9 பின் ஆண் கனெக்டர் பெரும்பாலும் சீரியல். பெண் என்றால் டிஸ்ப்ளேயாகவும் இருக்கலாம், டோக்கன் ரிங் என்ற நெட்வொர்க்காகவும் இருக்கலாம். 25 பின் பெண் பிரிண்டராகவோ ஸ்கஸியாகவோ இருக்கும். 15 பின் பெண் ஜாய்ஸ்டிக்காக இருக்கலாம். நழுவும் பூட்டு இருந்தால் ஈதர்நெட்.

விரல்கள் சொல்வது

இதற்குப் பொறுமையாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு விரலிலிருந்தும் ட்ராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) எங்கே போகிறது, அல்லது எங்கும் போகவில்லையா என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கும் போகாத விரலும் ஒரு தகவல்தான்.

- ஏ2 முதல் ஏ9 வரை டேட்டா. ஏ2-வில் டேட்டா 7, ஏ9-இல் டேட்டா 0.
- ஏ12 முதல் ஏ31 வரை முகவரி. ஏ12-இல் முகவரி வரி 19, ஏ22-இல் வரி 9, ஏ31-இல் வரி 0.
- பி13 ஐஓ (இன்புட்-அவுட்புட்) எழுதல், பி14 ஐஓ படித்தல். பி11 மெமரி எழுதல், பி12 மெமரி படித்தல்.
- பி21 முதல் பி25 வரை இன்டரப்ட் (கார்டு செயலியைக் கூப்பிடும் வரி) 7, 6, 5, 4, 3 என இறங்கு வரிசையில். பி4-இல் இன்டரப்ட் 2.
- டிஎம்ஏ (செயலி தலையிடாமல் மெமரியோடு டேட்டா மாற்றும் வழி) கோரிக்கையும் ஒப்புதலும்: சேனல் 1-க்கு பி18, பி17, சேனல் 2-க்கு பி6, பி26, சேனல் 3-க்கு பி16, பி15.
- பி2 ரீசெட், பி20 கிளாக், பி30-இல் 14.31818 மெகாஹெர்ட்ஸ். பி5, பி7, பி9 முறையே மைனஸ் 5, மைனஸ் 12, பிளஸ் 12 வோல்ட்.

இதை வைத்துக் கார்டின் தொழிலைச் சொல்லிவிடலாம். ஏ12 முதல் ஏ21 வரை ஒன்றும் பயன்படவில்லை, பி11, பி12-உம் காலி என்றால் இது ஐஓ மட்டும் செய்யும் கார்டு. ரோமோ ராமோ அதில் இல்லை. பி12 உண்டு, பி11 இல்லை என்றால் ரோம் மட்டும். பி6, பி26, பி22 மூன்றும் சேர்ந்து பயன்பட்டால் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் என்று துணிந்து சொல்லலாம். பி16, பி15, பி23 சேர்ந்தால் எக்ஸ்டி காலத்து ஹார்ட் டிஸ்க். பி24, பி25 ஒரு ஜம்பருக்குப் போனால் சீரியல். பி21 மட்டும் என்றால் பிரிண்டரை நினைக்கலாம்.

ஒரு உதாரணம். 37 பின் டி கனெக்டர் உள்ள கார்டு. 1981 ஐபிஎம் ஃப்ளாப்பி கார்டிலும் வெளி டிரைவுக்கு 37 பின்தான். பலர் அந்த முடிவுக்கே போவார்கள். விரல்களைப் படித்தால் பி6, பி26, பி22 காலி, டிஎம்ஏவே இல்லை, இன்டரப்டும் இல்லை. ஏ22 முதல் ஏ31 வரை மட்டும் முகவரி. போர்டில் ஒரு 8255, ஒரு 74எல்எஸ்245 (கார்டுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே டேட்டாவைக் கடத்தும் ஐசி), ஒரு 74எல்எஸ்688, எட்டு ஸ்விட்ச். ஆக, 24 வரிகள் கொண்ட டிஜிட்டல் ஐஓ கார்டு. தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும் ரிலே தட்டவும் சென்சார் படிக்கவும் இருந்த வகை. மேற்கொண்டு இந்தக் கார்டையே பிடித்துக்கொண்டு போவோம்.

முகவரியைக் கண்டுபிடிப்பது

74எல்எஸ்688 இரண்டு எட்டு-பிட் எண்களை ஒப்பிடும் ஐசி. ஒரு பக்கத்தில் 2, 4, 6, 8, 11, 13, 15, 17 ஆகிய கால்கள். மறுபக்கத்தில் 3, 5, 7, 9, 12, 14, 16, 18. இரண்டும் சமமானால் 19-ஆம் கால் பூஜ்யத்துக்கு இறங்கும். 1-ஆம் கால் பூஜ்யமாக இருந்தால்தான் ஒப்பிடவே செய்யும். ஏ11 விரல், அதாவது டிஎம்ஏ நடக்கிறதா என்று சொல்லும் வரி, நேராக அங்கே வந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

நம் கார்டில் ஏ22 முதல் ஏ29 வரையிலான விரல்கள், அதாவது முகவரி வரிகள் 9 முதல் 2 வரை, 688-இன் ஒரு பக்கத்துக்கு வருகின்றன. மறுபக்கத்தில் ஸ்விட்சுகளும், 5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர் நெட்வொர்க்கும். ஸ்விட்ச் ஆன் ஆனால் கிரவுண்டு, எனவே 0. ஆஃப் ஆனால் 1. இது கார்டுக்குக் கார்டு மாறலாம், மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். வரி 9, வரி 8 ஆகியவற்றின் ஸ்விட்சுகள் ஆஃப், மற்ற ஆறும் ஆன் என்றால் இருமத்தில் 11 0000 00, கடைசி இரண்டு பிட் கார்டுக்குள்ளேயே. அதாவது ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) 300 முதல் 303 வரை நான்கு போர்ட். மீதமுள்ள ஏ30, ஏ31 இரண்டும் 8255-இன் 8, 9-ஆம் கால்களுக்குப் போயிருந்தால் கணக்கு முடிந்தது.

300 முதல் 31எஃப் வரை ஐபிஎம் சோதனைக் கார்டுகளுக்கென்று ஒதுக்கிய இடம். அதனால் இப்படிப்பட்ட கார்டுகள் அங்கே குவியும். மோதாமல் பார்க்க வேண்டிய முகவரிகள்: 378, 278, 3பிசி பிரிண்டர், 3எஃப்8, 2எஃப்8 சீரியல், 3எஃப்0 முதல் 3எஃப்7 ஃப்ளாப்பி, 3பி0 முதல் 3டிஎஃப் வரை டிஸ்ப்ளே வகைகள், 320 முதல் 32எஃப் எக்ஸ்டி ஹார்ட் டிஸ்க், 201 ஜாய்ஸ்டிக்.

ரோம் இருந்தால்

நம் உதாரணக் கார்டில் இல்லை. உங்கள் கார்டில் இருந்தால் மற்றதற்கெல்லாம் முன்பு அதைக் கழற்றிப் படித்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 2764 போன்ற ஈப்ராமில் முதல் இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். மூன்றாவது பைட் நீளம், 512 பைட் கணக்கில்: ஹெக்ஸ் 10 என்றால் 16 முறை 512, ஆக 8192 பைட். அந்த நீளத்துக்கு எல்லா பைட்டையும் கூட்டினால் கூட்டுத்தொகையின் கடைசி பைட் 00 வர வேண்டும். வராவிட்டால் ஈப்ராம் மறதிக்கு ஆளாகியிருக்கிறது, அல்லது கால்கள் கறுத்துத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள். மூன்றும் வேறுவேறாக இருந்தால் கால்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலை ஒளி புகாத ஸ்டிக்கரால் மூடிவையுங்கள். ரோமுக்குள் இருக்கும் எழுத்துகளைத் தேடினால் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அப்படியே கிடைப்பதுண்டு.

1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸுக்கு (கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலுக்கு) முந்தைய ஐபிஎம் பிசி, கார்டு ரோம்களைத் தேடவே தேடாது. அதில் செருகிவிட்டு கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

கிரவுண்டிலிருந்து பி3, பி5, பி7, பி9 ஒவ்வொன்றுக்கும் ஓம் அளவெடுங்கள். 5 வோல்ட் வரியில் சில நூறு ஓம் வருவது இயல்பு. 10 ஓமுக்குக் கீழே என்றால் நின்று யோசிக்க வேண்டும். 12 வோல்ட் வரியில் ஒன்றிரண்டு ஓம் வந்தால், குற்றவாளி பெரும்பாலும் சொட்டு வடிவ டாண்டலம் கெப்பாசிட்டர்தான். 12 வோல்ட் வரியில் 16 வோல்ட் டாண்டலம் போடுவது அந்தக் காலத்துச் சிக்கனம். முப்பது நாற்பது ஆண்டு கழித்து அது ஷார்ட் ஆகும். அப்படியே செருகினால் பவர் சப்ளை ஃபேனை ஒரு துடிப்புத் துடிக்கவிட்டு நின்றுவிடும். நிற்காவிட்டால் கெப்பாசிட்டர் சிறு தீயோடு வெடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வது வீண் பயமல்ல.

ஒரே வரியில் ஐந்தாறு டாண்டலம் இணையாக இருந்தால் எது ஷார்ட் என்று மீட்டர் சொல்லாது. பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்கும் குறைவாக, 1 ஆம்பியர் வரம்பில் வைத்து அந்த வரிக்குக் கொடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே அளந்துகொண்டே போங்கள். எங்கே எண் மிகக் குறைவோ அங்கேதான் ஷார்ட். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரடில் 25 அல்லது 35 வோல்ட். டாண்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். சாதா எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். பழகிய கையும் இதில் தவறும்.

கசிந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சமையல் வினிகரால் தடவி, நுரை அடங்கியதும் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். கசிவு காரம் என்பதால் வினிகர். பச்சை ஏறிய ட்ராக்கைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு தெரியாமல் கறுப்பே தெரிந்தால் மெல்லிய வயரால் பாலம் போட வேண்டும். அந்த இடத்தில் லித்தியம் செல் வைப்பதானால் சார்ஜ் ஏறாதபடி ஒரு டயோடு தொடராக இருந்தே ஆக வேண்டும்.

விரல்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும். சாக்கெட்டில் உள்ள ஐசிகளை ஒருமுறை எடுத்து மறுபடி அமர்த்துங்கள். ஸ்விட்சுகளை ஆல்கஹால் விட்டு இருபது முறை தட்டிவிட்டு, ஆன் நிலையில் 1 ஓமுக்குள் வருகிறதா என்று பாருங்கள். "செத்துப்போன" கார்டுகளில் ஒரு பங்கு இந்த இடத்திலேயே உயிர்பெற்றுவிடும்.

பிறகு ஸ்லாட்டுக்கு வெளியே, பி3-க்கும் பி1-க்கும் 5 வோல்ட், 1 ஆம்பியர் வரம்பு. இரண்டு நிமிடம் கழித்து ஒவ்வொரு ஐசியாக விரல் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி; விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஐசி முதல் சந்தேக நபர்.

ஸ்லாட்டில்

கனெக்டரில் எதையும் மாட்டாமல் கார்டை மட்டும் செருகுங்கள். டாஸ் வந்தால் அதோடு வரும் டீபக் (பிழை தேடும்) நிரலைத் திறந்து, ஐ என்ற படிக்கும் கட்டளை, ஓ என்ற எழுதும் கட்டளை, இவ்விரண்டு போதும். ஓ 303 80 என்றால் 8255-இன் எல்லா போர்ட்டும் அவுட்புட் ஆகும். ஓ 300 55, பிறகு ஐ 300. 55 திரும்பி வர வேண்டும். ஏஏ போட்டால் ஏஏ.

எஃப்எஃப் மட்டுமே வருகிறது என்றால் அந்த முகவரியில் யாரும் பதில் சொல்லவில்லை. டீபக்கிலேயே 300-ஐ ஓயாமல் படிக்கும் மூன்று வரி அசெம்பிளி எழுதி ஓடவிட்டு, புரோபை 688-இன் 19-ஆம் காலில் வையுங்கள். துடிப்பே இல்லை என்றால் ஸ்விட்ச், ரெசிஸ்டர் நெட்வொர்க், ஏ11, முகவரி விரல்கள் என்று பின்னால் போங்கள். துடிப்பு இருந்தால் 245-இன் 19-ஆம் காலில் திறப்பும், 1-ஆம் காலில் திசையும் வருகிறதா என்று முன்னால் போங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் 1, 0.8-க்குக் கீழ் 0. இரண்டுக்கும் நடுவில் 1.5 வோல்ட்டில் அசையாமல் நிற்கும் கால், பெரும்பாலும் எங்கும் இணையாமல் தொங்கும் கால்.

55 எழுதினால் 57 வருகிறது, ஏஏ மட்டும் சரியாக வருகிறது என்று வையுங்கள். டேட்டா 1 எப்போதும் 1 ஆகவே படிக்கப்படுகிறது. அது ஏ8 விரல். 55 எழுதிவிட்டு 8255-இன் 3-ஆம் காலைப் பாருங்கள்; போர்ட் ஏயின் இரண்டாவது பிட் அது. அங்கே 0 இருந்தால் எழுதும் வழி சரி, திரும்பி வரும் வழிதான் பழுது. ஓயாத படிப்பை ஓடவிட்டு ஸ்கோப்பால் 8255-இன் 33-ஆம் காலைப் பாருங்கள். படிக்கும் நேரத்தில் அங்கே 0-வுக்கு இறங்குகிறது, ஆனால் 245-இன் மறுபக்கத்தில் இறங்கவில்லை என்றால் 245 போய்விட்டது. கார்டுகளில் அதிகம் சாகும் ஐசியும் இதுதான். பஸ்ஸில், அதாவது ஸ்லாட்டுகளின் பொது வரிகளில், நேராக நிற்பது அதுவே. அடி முதலில் அதற்குத்தான்.

கார்டைச் செருகினால் கம்ப்யூட்டரே எழவில்லை என்றால் வேறு கதை. 245-இன் 19-ஆம் கால் எப்போதும் பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு பஸ் முழுவதையும் பிடித்து வைத்திருக்கலாம். ஏ10 கிரவுண்டோடு ஒட்டியிருந்தால் செயலி காத்துக்கொண்டே நிற்கும். ஏ1 இழுபட்டால் பேரிட்டி பிழை (மெமரிச் சரிபார்ப்பில் பிழை); ஐபிஎம் பயாஸில் பேரிட்டி செக் 2 என்று வந்தால் குறை மதர்போர்டில் அல்ல, ஸ்லாட் பக்கத்தில்.

ஐசி மாற்றுவது

செத்த ஐசியை முழுதாகக் காப்பாற்ற முயலாதீர்கள். கால்களை உடலோடு ஒட்ட வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் இழுங்கள். ட்ராக்தான் விலை மதிப்புள்ளது, ஐசி அல்ல. 330 டிகிரி அளவில், முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்தால் பழையது இளகும். கிரவுண்டுக் கால் எளிதில் வராது. அங்கே பலத்தைக் காட்டினால் துளையின் செம்பு வளையம் கூடவே வந்துவிடும். கடைந்தெடுத்த உருண்டைப் பின்கள் உள்ள நல்ல சாக்கெட் போட்டு அதில் ஐசியை வையுங்கள். 74எல்எஸ்245-க்குப் பதில் ஏஎல்எஸ் அல்லது எச்சிடி வகை ஓடும். எச்சி வகை வேண்டாம்: அது 1 என்று ஏற்க 3.5 வோல்ட் கேட்கும், டிடிஎல் (எல்எஸ் போன்ற 74 வரிசை ஐசிகள்) அவ்வளவு தரும் என்று உறுதியில்லை. இன்றைக்கு ஓடும், சூடேறினால் நிற்கும், காரணம் தேடி மாளாது.

688-க்குப் பதிலாக பால் 16எல்8 போன்ற புரோகிராம் செய்த ஐசி இருந்து அது செத்திருந்தால் சற்றே கடினம். அப்போதும் விரல் வரைபடம் கையில் இருக்கிறது. எந்த முகவரி வரிகள் உள்ளே வருகின்றன, எந்தக் கால் எந்த ஐசியைத் திறக்கிறது என்று தெரிந்தால், முகவரி பிரிக்கும் வேலைக்கான சமன்பாட்டை நீங்களே எழுதி ஜிஏஎல் 16வி8 என்ற, மறுபடி எழுதக்கூடிய ஐசியில் ஏற்றிவிடலாம். உள்ளே ஃப்ளிப்ஃப்ளாப் (நிலையை நினைவில் வைக்கும் சுற்று) உள்ள 16ஆர் வகை என்றால் அதே கார்டு இன்னொன்று கிடைக்கும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

சரியாகிவிட்ட கார்டின் விரல் வரைபடத்தையும் ஸ்விட்ச் அமைப்பையும் ஒரு தாளில் எழுதி, கார்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு அதுவே கையேடு.